கப்பல் ஏறுமுன் எங்கே தங்குவது: ரோமிலா, பார்சிலோனாவிலா?

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வருவதற்குப் பதிலாக அம்மா அப்பாவைக் கடலுக்கு அழைக்கும் காலம் வந்துவிட்டது. ஒரு மகன் டொரண்டோவில், மகள் லண்டனில், சித்தப்பா குடும்பம் பாரிஸில். யார் வீட்டிலும் எல்லாரும் அடங்க முடியாது. லீவும் ஆளுக்கொரு நேரம். கடைசியில் மத்தியதரைக் கடலில் ஏழு இரவு ஓடும் கப்பல் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, திருகோணமலைக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது: "அம்மா, விசாவுக்குப் போடுங்கோ. கப்பலுக்கு ரெண்டு மூண்டு நாள் முந்தி வந்து நிண்டால் நல்லது. ரோமில நிக்கிறதோ பார்சிலோனாவில நிக்கிறதோ எண்டு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ."

எங்கள் வீட்டில் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் சண்டை. அத்தான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ரோமப் பேரரசின் எல்லையைக் கரும்பலகையில் கீறிக் கீறியே காலத்தைக் கழித்தவர்; நேரில் பார்க்காமல் விடமாட்டார். அக்காவுக்கு முழங்கால் வலி. "படியேறாத ஊராப் பாரடா தம்பி, மிச்சத்தை அவர் புத்தகத்தில பாக்கட்டும்" என்பது அவவின் தீர்ப்பு. வரைபடம், ரயில், விசா விதி எல்லாம் தேடுகிற வேலை என் தலையில். முதன்முதலாக ஐரோப்பா போகிற, அதிக நாள் ஒதுக்க முடியாத எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்ததை இங்கே வைக்கிறேன்.

கப்பல் என்றால் அது புறப்படும் ஊர் ஒன்றுதான், அங்கேதான் ஏற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மேற்கு மத்தியதரைக் கடலில் வட்டமடிக்கும் எம்எஸ்சி, கோஸ்டா நிறுவனங்களின் கப்பல்கள் பலவற்றில் அப்படி இல்லை. ஜெனோவாவில் ஏறுகிறவர் ஒரு வாரம் சுற்றி ஜெனோவாவிலேயே இறங்குவார். பார்சிலோனாவில் ஏறுகிறவர் பார்சிலோனாவில். ரோமுக்குரிய துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் ஏறுகிறவர் அங்கே. கப்பல் ஒன்று, வட்டம் ஒன்று, ஏறுகிற இடம் மட்டும் வேறு. குடும்பம் முழுக்க ஒரே துறைமுகத்தில் ஒரே நாளில் ஏறினால்தான் ஏழு இரவும் ஒன்றாக இருக்கலாம் என்பதால், இதை எல்லாரும் கதைத்து ஒன்றாக முடிவெடுக்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ரோமில் ஏறினால் பார்சிலோனா வழியில் ஒரு பகலாக வரும். பார்சிலோனாவில் ஏறினால் ரோம் அப்படி வரும். பயண நிரலில் இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சில வாரங்களில் பார்சிலோனாவுக்குப் பதில் வலென்சியா போட்டிருப்பார்கள். இரண்டும் இருந்தால், ஒன்றுக்கு இரவுகள், மற்றதுக்கு ஒரு பகல். எதற்கு எது என்பதுதான் கேள்வி. ஒரு பகல் எந்த ஊருக்குப் போதாதோ அந்த ஊருக்கு இரவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை இதற்கு எதிர்: துறைமுகம் எந்த ஊருக்குக் கிட்டவோ அங்கே தங்கு, அலைச்சல் குறையும் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. எப்போது இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நாளாவது முந்திப் போவது ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கே ஹபரண, தம்புள்ளை, குருநாகல் என்று வான் வண்டியில் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம். அப்புறம் டோஹாவோ துபாயோ அபுதாபியோ போய் விமானம் மாற வேண்டும். வாசலைப் பூட்டியதிலிருந்து ஹோட்டல் கட்டிலில் சாயும்வரை ஒரு முழு நாள் தாண்டிவிடும். நடுவில் ஒரு விமானம் பிந்தினால் எல்லாம் சரியும். கப்பல் பிந்தி வருகிறவருக்காக நிற்காது. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்பே பதிவை மூடிவிடுவார்கள். தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் ஓட வேண்டும். இதோடு 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லையில் எங்களைப் போன்ற வெளிநாட்டவரின் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. முதல் தடவை போகிறவருக்கு வரிசை நீளும். ஆகவே போய்ச் சேரும் நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது தூங்குவதற்கும், வந்து சேராத சூட்கேஸுக்காகக் காத்திருப்பதற்கும்.

பார்சிலோனா: கப்பல் படியிலிருந்தே தொடங்கும் ஊர்

பார்சிலோனாவின் பெரிய பலம் தூரமின்மை. எல் பிராட் விமான நிலையம் நகர நடுவிலிருந்து 15 கிலோமீற்றருக்குள். ஏரோபுஸ் என்ற பஸ் கத்தலூன்யா சதுக்கத்துக்கு அரை மணித்தியாலம் சொச்சத்தில் போகும். அந்தச் சதுக்கத்திலிருந்து கடற்பக்கம் இறங்கும் தெருதான் லா ரம்ப்லா. அதன் அடியில் 1888ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக எழுப்பிய கொலம்பஸ் தூண் நிற்கிறது. அங்கிருந்து கப்பல் மேடைகளுக்குப் பஸ் ஓடுகிறது, டாக்ஸி என்றால் பத்து நிமிடம். காலையில் ஹோட்டலில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் பகல் கப்பலில் இருக்கலாம்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கப்பலில் வந்து இறங்கும் பகலுக்கும் இதே வசதி உண்டு. எட்டு மணிக்கு இறங்கினால் ஒன்பதுக்குள் நகரத்துக்குள் நிற்கலாம். கொலம்பஸ் தூணுக்குப் பக்கத்தில் மெட்ரோ இருக்கிறது, ஒரு மாற்றத்தோடு சக்ராதா ஃபமீலியா தேவாலயத்துக்கு விடும். 1882இல் தொடங்கி, அடுத்த வருடமே கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியின் கைக்கு வந்து, 1926இல் அவர் டிராம் மோதி இறந்த பின்னும் கட்டிக்கொண்டே இருக்கும் கோயில் அது. 2010இல் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் வந்து அருட்பொழிவு செய்தார். உள்ளே தூண்கள் மரம்போல் கிளைவிட்டு மேலே போகும். மேற்குக் கண்ணாடி சிவப்பு, கிழக்குக் கண்ணாடி நீலமும் பச்சையும். உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். போய்ப் பார்த்து, திரும்பும் வழியில் கோதிக் பகுதியின் ஒடுங்கிய தெருக்களில் நடந்து, பொக்கேரியா சந்தையில் பழம் வாங்கிச் சாப்பிட்டு, மாலை நான்குக்குக் கப்பலில் இருக்கலாம். எல்லாம் பார்த்ததாகாது. ஆனால் ஊரைப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

அக்காவின் முழங்காலுக்கும் இந்த ஊர்தான் நல்லது. 1859இல் செர்தா என்ற பொறியியலாளர் வரைந்த திட்டப்படி கட்டிய எஷாம்பிளா பகுதி முழுக்கச் சமதரை, அகன்ற நடைபாதை, மூலை வெட்டிய சந்திகள். மெட்ரோ நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் இருக்கிறது. கௌடியின் பார்க் குவெல் மட்டும் மேட்டில். முழங்கால்காரர் அதை விட்டுவிடலாம்.

சாப்பாட்டில்தான் அது கொஞ்சம் எங்களைச் சோதிக்கும். பன்றித் தொடைகள் கடை வாசலில் வரிசையாகத் தொங்கும். சைவக்காரருக்குத் தக்காளி தேய்த்த பாண், சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும், முட்டை சாப்பிடுவோருக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட். ரம்ப்லாவுக்குப் பக்கத்தில் ராவல் பகுதியில் பாகிஸ்தான், வங்காளதேசக் கடைகள் நிறைய, ஹலால் சாப்பாடும் கிடைக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் சாப்பாட்டு நேரம்! இரவுச் சாப்பாட்டுக்குக் கடைகள் எட்டரை, ஒன்பதுக்குத்தான் சூடு பிடிக்கும்.

விடிய மூன்று மணிக்கு விழித்துக்கொள்ளும் ஆட்கள்

இந்த நேரக் கணக்கைப் பற்றி யாரும் எங்களுக்காக எழுதுவதில்லை. கோடையில் ரோமும் பார்சிலோனாவும் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால். எங்கள் வீட்டில் அக்கா விடிய ஆறுக்கு எழும்புவா. அது அங்கே இரண்டரை மணி. முதல் இரண்டு மூன்று நாள் உடம்பு ஊர் நேரத்தில்தான் இருக்கும். மூன்று மணிக்குக் கண் விழித்துத் தேத்தண்ணீர் தேடும். மாலை ஏழுக்கு விழுந்துவிடும், ஏனென்றால் ஊரில் அப்போது பத்தரை. பார்சிலோனாவில் ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் வயிற்றுக்கு அது நள்ளிரவு கழிந்த பன்னிரண்டரை. அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு இது சிக்கலே இல்லை, அவர் உடம்பு மறுபக்கம் சாய்ந்திருக்கும். இரவு கூத்து அவருக்கு, விடியல் எங்களுக்கு.

விடியலில் நல்ல ஊர் ரோம்தான். பகலில் தோள் இடிக்காமல் நிற்க முடியாத ட்ரெவி நீரூற்று ஐந்தரை மணிக்கு வெறிச்சென்று இருக்கும். பாந்தியன் கோயிலின் முற்றமும் அப்படியே. ஏறக்குறைய 126ஆம் ஆண்டில் ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் முடிந்த கட்டடம் அது, 43 மீற்றர் அகலக் கும்மட்டம் கம்பி வைக்காத கொங்கிறீற்றில் இன்றுவரை நிற்கிறது. உள்ளே போக ஒன்பது வரை காத்திருக்க வேண்டும். வெளியே நின்று பார்ப்பதற்குக் காசும் இல்லை, கூட்டமும் இல்லை. புனித பேதுரு பேராலயம் காலை ஏழுக்குத் திறக்கும். பத்து மணிக்குச் சதுக்கத்தைச் சுற்றி வளையும் சோதனை வரிசை ஏழுக்கு அநேகமாக இருக்காது. மைக்கலாஞ்சலோ செதுக்கிய பியெத்தா சிலைக்கு முன்னால் ஆறுதலாக நிற்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலைக்காரருக்குப் பிரச்சினை இல்லை, அரைக் காற்சட்டை போடும் பேரப்பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

இந்த விடியல்களைக் கப்பலில் வந்து இறங்குகிறவர் பெறவே முடியாது. சிவிட்டாவெக்கியா ரோமிலிருந்து 70 கிலோமீற்றருக்கு மேல். எட்டுக்கு இறங்கி, துறைமுக பஸ்ஸில் வெளியே வந்து, வேறொரு பஸ்ஸில் ரயில் நிலையம் போய், ரயில் பிடித்து ரோமில் கால் வைக்கப் பத்தாகிவிடும். மாலை மூன்றுக்குத் திரும்பத் தொடங்க வேண்டும். கிடைக்கும் ஐந்து மணித்தியாலமும் ஊரே கூட்டமாக இருக்கும் ஐந்து மணித்தியாலம். கொலோசியமா வத்திக்கானா என்று ஒன்றைத் தெரிந்து, மற்றதை விட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடி வர வேண்டும். ரோமை ஒரு பகலில் பார்க்கப் போனால் ரயிலையும் வரிசையையும்தான் பார்த்துவிட்டு வருவோம். இதனால்தான் இரவுகள் ரோமுக்கு என்கிறேன்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்த வாதமே எழாது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப்பு வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்து, அன்றே மடு மாதா கோயிலுக்கும் வந்தார். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அந்தப் பாப்பரசர் 2025 ஏப்ரலில் இறந்து, தன் விருப்பப்படி வத்திக்கானுக்கு வெளியே சாந்தா மரியா மஜோரே பேராலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரம். சைவக்காரர் போனாலும் அந்தக் கோயிலின் ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்களுக்காகப் போகலாம்.

ரோமின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பழைய தெருக்களில் சான்பியத்ரீனி என்ற கறுத்த சதுரக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு, முழங்காலுக்கு எமன். சூட்கேஸின் சில்லுக்கும் அப்படித்தான். மலிவு ஹோட்டல்களின் லிஃப்ட்டில் ஆளும் பெட்டியும் ஒன்றாக ஏற முடியாது, சிலவற்றில் லிஃப்ட்டே இல்லை. பதிவதற்கு முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆடி, ஆவணி வெயில் எங்கள் வெயிலுக்குக் குறையாது, ஆனால் கடற்காற்று இருக்காது. தண்ணீர் மட்டும் கவலையில்லை. தெருவெங்கும் நசோனி என்ற இரும்புக் குழாய்களில் இரவு பகலாக நல்ல குடிநீர் ஓடும், போத்தலை நிரப்பிக்கொள்ளலாம்.

மரக்கறிக்காரருக்கு ரோம் சொர்க்கம். தக்காளி, உள்ளி, ஒரிகானோ மட்டும் போட்ட மரினாரா பீட்சாவில் பாலும் இல்லை, மீனும் இல்லை. தக்காளிக் குழம்பு விட்ட பாஸ்தா எந்தக் கடையிலும் கிடைக்கும். சோறு இல்லாமல் இருக்கமாட்டேன் என்கிறவர் தெர்மினிக்குப் பின்னால் எஸ்குவிலீனோ சந்தைப் பக்கம் போகட்டும். வங்காளதேசத்தார் கடைகளில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் இருக்கும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு தொல்லை பொக்கற்றடி. ரம்ப்லாவும் பார்சிலோனா மெட்ரோவும் அதற்குப் பேர்போனவை, தெர்மினியும் வத்திக்கான் போகும் நெரிசல் பஸ்களும் அதே மாதிரி. "தாலிக்கொடியைக் கழட்டவோ?" என்று அக்கா கேட்டா. கழற்றத் தேவையில்லை, தடித்த கொடியை லாக்கரில் வைத்துவிட்டு ஒரு மெல்லிய சங்கிலியில் தாலியைக் கோத்துப் போடுவது நல்லது என்றேன். அத்தான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஏதென்ஸ்: வேறு கப்பல், வேறு கணக்கு

ஏதென்ஸை இவ்விரண்டோடு நேருக்கு நேர் நிறுத்த முடியாது, ஏனென்றால் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறுகிற கப்பல் பெரும்பாலும் ஏஜியன் தீவுகளுக்கும் துருக்கிக்கும் போவது. பிள்ளைகள் அந்தப் பக்கக் கப்பலைப் பார்த்திருந்தால் இரண்டு இரவு போதும். 2022 முதல் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் பாதை நகர நடுவைத் தாண்டி நேரே பிரேயஸ் வரை ஓடுகிறது. பார்க்க வேண்டியவை எல்லாம் அக்ரோபொலிஸ் குன்றைச் சுற்றியே இருக்கின்றன. கோடையில் வெயில் மிஞ்சினால் நடுப்பகலில் குன்றையே மூடிவிடுகிறார்கள். நேரம் குறித்த டிக்கெட்டில் முதல் மணியைத் தெரிந்துகொள்ளுங்கள். விடிய எழும்பும் எங்கள் பழக்கம் அங்கேயும் உதவும், நேர வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம்தான். நடக்க முடியாதவருக்கு மேலே போக ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஏதென்ஸில் ஆசை வேறு காரணத்துக்கு. 1687இல் வெனிசியர் அடித்த குண்டு, துருக்கியர் வெடிமருந்து சேமித்து வைத்திருந்த, அந்தக் குன்றின் மேலுள்ள பார்த்தினன் கோயிலில் விழுந்து கூரையைப் பறக்கவிட்டது. அதற்கு ஆறேழு பத்தாண்டுகளுக்கு முன்புதான் போர்த்துக்கேயர் எங்கள் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். நகரத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தென்கிழக்கே சூனியோன் முனையில் பொசைடன் என்ற கடல் தெய்வத்துக்கு ஒரு கோயில், கடலுக்கு மேலே செங்குத்தான பாறையில். திருகோணமலைச் சுவாமிமலையில் நின்று இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்த்து வளர்ந்த ஒருவன் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று கடலைப் பார்க்க வேண்டாமா? அக்காவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு ஏன் அவ்வளவு தூரம், விடியக் கோயிலடிக்குப் போ" என்று முடித்துவிட்டா.

வெனிஸ் என்று போட்டிருக்கும் மலிவான கப்பலைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். 2021 ஓகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் நகர முகப்பைக் கடந்து வரத் தடை. வெனிஸ் என்று விளம்பரத்தில் இருக்கும், ஏறுமிடம் ராவென்னா அல்லது திரியெஸ்தே என்று சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டும் வெனிஸிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல்.

விசாக் கோப்பு எந்த ஊரை விரும்பும்

இதை முதலிலேயே பார்க்கச் சொல்வேன். ஷெங்கன் விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பல் பயணத்தில் இது குழம்பும். பார்சிலோனாவில் இரண்டு இரவு நின்று ஏறினால், கப்பலோ ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ், பலெர்மோ என்று இத்தாலியைத்தான் சுற்றுகிறது. அப்போது ஸ்பெயினிடம் கேட்பதா இத்தாலியிடம் கேட்பதா என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ரோமில் மூன்று இரவு நின்று ஏறினால் முதல் நுழைவும் இத்தாலி, அதிக நாளும் இத்தாலி. இத்தாலிக்குக் கொழும்பில் தூதரகமும் இருக்கிறது. வயது போனவர்களின் கோப்பு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கைரேகைக்குக் கொழும்பு போக வேண்டும் என்பதால் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். கப்பல் துனீசியா, துருக்கி போன்ற ஷெங்கன் அல்லாத நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுத் திரும்பினால் பல தடவை நுழையும் விசா கேளுங்கள். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் அந்த நாட்டு விசா தேவையா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம் எங்களுக்கே உரிய தலையிடி. கடவுச்சீட்டில் தகப்பன் பெயரோடு நீளமாக இருக்கும். கனடாவில் மகன் பதிகிறபோது முதலெழுத்தை மட்டும் போட்டுவிடுவான். விமானம், கப்பல், காப்புறுதி மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கொலோசியம் டிக்கெட்டும் இப்போது பெயர் போட்டுத்தான் தருகிறார்கள், வாசலில் அடையாளம் கேட்பார்கள்.

எத்தனை இரவு, எந்தப் பக்கம்

ஒரே ஓர் இரவுதான் முடியும் என்றால் நான் என் கட்சியை விட்டுவிடுவேன். அப்போது பார்சிலோனா. களைத்து இறங்கி, தூங்கி, மறுநாள் பத்து நிமிடத்தில் கப்பலில் ஏறுவதற்கு அதைவிட நல்ல ஊர் இல்லை. ஓர் இரவுக்கு ரோம் போனால் விமான நிலையம், ரயில், கட்டில், ரயில், துறைமுகம் என்று முடிந்துவிடும். இரண்டு இரவு என்றால் முழங்காலைப் பார்த்து முடிவெடுங்கள். மூன்று என்றால் ரோம், யோசிக்கவே வேண்டாம். நான்கு இரவு கிடைத்தாலும் நான் இரண்டு ஊருக்குப் பிரிக்கமாட்டேன்.

ரோமில் தங்குமிடம் பலரும் தெர்மினிக்குக் கிட்ட எடுக்கிறார்கள். ஃபியூமிசீனோ விமான நிலையத்திலிருந்து லெயொனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 14 யூரோவுக்கு 32 நிமிடத்தில் அங்கே விடும் என்பது காரணம். நான் பார்த்த அளவில் வத்திக்கானுக்குத் தெற்கே சான் பியெத்ரோ ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி இந்தப் பயணத்துக்கு இன்னும் பொருந்தும். விமான நிலையத்திலிருந்து சாதாரண ரயிலில் த்ராஸ்தேவெரே வந்து அங்கே மாறினால் சான் பியெத்ரோ. பேராலயத்துக்கு நடை கால் மணித்தியாலம். முக்கியமாக, சிவிட்டாவெக்கியா போகும் ரயில் அதே நிலையத்தில் நிற்கும். கப்பல் நாளன்று ஏழுக்குப் பேராலயம், ஒன்பதுக்கு ஹோட்டல், பத்துக்கு ரயில், பகலுக்குத் துறைமுகம்.

கடைசி இரவைச் சிவிட்டாவெக்கியாவிலேயே கழித்தால் பதற்றமில்லை என்று ஒரு யோசனை வரும். வயது மிகப் போனவர்கள், சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் செய்யலாம். மற்றவர்கள் ஒரு ரோம் மாலையை அதற்காக இழக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் மூன்று இரவு ரோம் என்று இணக்கமாகியிருக்கிறது. அக்காவை இளக்கியது அந்த ஏழு மணிக் கோயிலும், கொலோசியம் பார்க்கிற நாள் அத்தான் தனியாகப் போய் வரலாம் என்ற உடன்படிக்கையும். 80ஆம் ஆண்டில் திறந்த அரங்கின் படிகளை அவர் தன்பாட்டில் எண்ணட்டும். வட்டத்தில் பலெர்மோவும் வருகிறது என்பது இன்னொரு காரணம். இலங்கைத் தமிழர் நிறையப் பேர் குடியிருக்கும் ஊர் அது. பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இருக்கும் சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் கத்தோலிக்கரோடு சைவக்காரரும் நேர்த்தி வைத்துப் போகிறார்கள். அக்கா அங்கே மட்டும் படியேறத் தயாராம்.

பெட்டி கட்டும்போது ஒன்று. டொரண்டோ மகனுக்கு அக்கா கருவாடு கட்டத் தொடங்கிவிட்டா. மீன், கருவாடு ஓரளவு கொண்டுபோக ஐரோப்பிய விதி இடம் கொடுக்கிறது. இறைச்சி, பால் பொருள், நெய் ஆகாது, கறிவேப்பிலை போன்ற பச்சை இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆனால் கப்பலில் வீட்டுச் சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள். குட்டிச் சோற்றுக் குக்கர், இஸ்திரிப் பெட்டியும் வாசலிலேயே நின்றுவிடும். கருவாட்டை ரோமிலேயே கைமாற்றினால்தான் உண்டு, அப்புறம் அது அவன் பாடு.

கப்பல் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் இன்னும் ஒரு தடவை பாருங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள், அதற்கு வெள்ளி அவர்களுக்குப் பிடித்த நாள். வேலைநிறுத்த நாளிலும் கிழமை நாட்களில் காலை 6 முதல் 9 வரை கட்டாயம் ஓட வேண்டிய பிராந்திய ரயில்கள் உண்டு. பத்து மணி ரயிலை விட்டு எட்டு மணி ரயிலைப் பிடியுங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் மேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அந்த ரயிலும் கிடைக்காவிட்டால், குடும்பமாகச் சேர்ந்து ஒரு வான் வண்டி பிடித்து ஆளுக்குக் காசு பிரித்தால் தலைக்கு வரும் தொகை பயப்படும்படி இருக்காது.